கிரெபெரியாவின் பாவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோமில் ஒரு கல்லறையில் கிடைத்த பழைய பொம்மையின் படத்தை அண்மையில் பார்த்தேன். ‘பண்டைய ரோமின் பார்பி’ என்று அதற்குத் தலைப்பிட்டிருந்தார்கள். திருமணத்துக்கு முன்பே இறந்துபோன ஒரு பெண்ணுடையது என்றும், அவளை மணக்கவிருந்தவனின் பெயர் பொறித்த மோதிரமும் கூடவே கிடைத்தது என்றும் எழுதியிருந்தார்கள். படித்ததும் மனம் கனத்துப்போனது. பிறகு சில ஐயங்கள் எழுந்தன. இறந்தவளுக்கு ஏறத்தாழ இருபது வயது என்கிறார்கள். அந்த வயதில் எதற்குப் பொம்மை? காதலன் கதைக்கு ஆதாரம் உண்டா? ஓரிடத்தில் மரப்பொம்மை என்றும் இன்னோரிடத்தில் தந்தப்பொம்மை என்றும் இருக்கிறது, எது சரி? தந்தம்தான் என்றால், அது பண்டைய சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து போனதாக இருக்குமா?

அன்புடன்,
எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பார்த்தது கிரெபெரியா ட்ரிஃபேனாவின் பொம்மை. இன்று அது ரோமின் கபிடோலின் அருங்காட்சியகங்களின் சேகரிப்பில் இருக்கிறது. பல ஆண்டுகளாக என் மனத்தை விட்டு அகலாத பொருள்களில் அதுவும் ஒன்று என்பதால், உங்கள் கடிதத்துக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

1889 மே 10 அன்று, டைபர் ஆற்றங்கரையில் பிராத்தி பகுதியில் புதிய நீதிமன்ற மாளிகைக்கு அடித்தளம் தோண்டியபோது இரண்டு பளிங்குச் சவப்பேழைகள் வெளிப்பட்டன. ஒன்றில் கிரெபெரியா ட்ரிஃபேனா என்ற பெயரும் மற்றதில் கிரெபெரியஸ் யூஹோடஸ் என்ற பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. இரண்டு நாள் கழித்துக் கிரெபெரியா ட்ரிஃபேனாவின் பேழை மூடியைத் தூக்கியபோது உடனிருந்த தொல்லியலாளர் ரொடோல்ஃபோ லான்சியானி அந்தக் காட்சியை எழுதி வைத்திருக்கிறார். பேழைக்குள் தெளிந்த நீர் நிறைந்திருந்தது. நீருக்கடியில் எலும்புக்கூடு கிடந்தது. மண்டையோட்டிலிருந்து அடர்ந்த நீள்கூந்தல் நீரில் அலைவதுபோலத் தோன்றியது. பல நூற்றாண்டுகளாகியும் கூந்தல் அழியாத பெண் என்று செய்தி பரவி, அக்கம்பக்கத்து மக்கள் திரண்டு வந்துவிட்டார்கள். உண்மையில் அது கூந்தல் அல்ல. கசிந்து உள்ளே வந்த நீரோடு சேர்ந்து வந்து மண்டையோட்டில் பற்றி வளர்ந்திருந்த நீர்த்தாவரம். தலை இடத்தோள் பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தது. அந்தத் தோளருகில்தான் பொம்மை கிடந்தது.

மரமா தந்தமா என்ற குழப்பத்துக்கும் அந்த நீரே காரணம். நெடுங்காலம் ஊறிக் கருத்துப்போயிருந்ததால் ஓக் மரத்தில் செதுக்கியது என்றே லான்சியானி எழுதினார். அதைப் பின்பற்றிப் பலரும் எழுதினார்கள். அது தந்தம் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. முசிறியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தக் காலத்து ரோமுக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தந்தம் போனது. இந்தப் பொம்மை செய்யப்பட்ட அதே கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்டு, இன்று வியன்னாவில் பாதுகாக்கப்படும் முசிறி பாப்பிரஸ் ஆவணத்தில் அங்கிருந்து திரும்பிய ஹெர்மபோலன் என்ற கப்பலின் சரக்குகளில் ஒன்றாக யானைத்தந்தமும் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் கேள்வி நியாயமானதுதான். ஆனால் காலம் ஒத்துப்போகிறது என்பதற்காக இந்தத் தந்தத்துக்குச் சேர நாட்டு யானையைத் தேடிப் போவதை நான் ஏற்கமாட்டேன். சான்று நிற்கும் இடத்தில் நாமும் நின்றுவிடுவதே அந்தப் பெண்ணுக்கு நாம் செய்யும் மரியாதை.

இனிப் பொம்மைக்கு வருகிறேன். அதன் உயரம் சுமார் 23 சென்டிமீட்டர். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் மூட்டு வைத்து, கை கால்களை மடக்கவும் நீட்டவும் முடியும்படி செய்திருக்கிறார்கள். பின்னலை உச்சியில் சுற்றிக் கட்டிய கொண்டை, ஃபாஸ்டினா என்ற ஒரே பெயர் கொண்ட இரு பேரரசியரின், அதாவது தாய் மகள் இருவரின், காலத்து நாகரிகம். பொம்மையின் காலத்தைக் கணிக்க உதவுவதும் அந்தக் கொண்டைதான். உடல் வளர்ந்த பெண்ணின் உடல். மார்பும் அகன்ற இடுப்பும் தெளிவாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மடியில் போட்டுத் தாலாட்டும் குழந்தைப் பொம்மை அல்ல இது. நாளை தான் யாராக ஆகப்போகிறோம் என்பதை ஒரு சிறுமி கையில் எடுத்துப் பார்ப்பதற்கான பொம்மை. இதற்கென்றே செய்த சின்னஞ்சிறு சீப்புகள், வெள்ளிக் கண்ணாடிகள், ஒரு சிறு பேழை எல்லாம் உடன் கிடைத்தன.

என்னை மிகவும் பிடித்து நிறுத்துவது பொம்மையின் கட்டைவிரலில் உள்ள மோதிரம். அந்தப் பொன்வளையத்தோடு இணைந்து ஒரு குட்டிச் சாவி இருக்கிறது; அருகில் கிடந்த சிறு பேழையைத் திறப்பதற்கான சாவி என்று கருதுகிறார்கள். ரோமில் சாவி என்பது வீட்டுத்தலைவியின் உரிமைக்கு அடையாளம். மனைவியை விலக்கும் கணவன் அவளிடமிருந்து சாவியை வாங்கிக்கொள்வான் என்பது ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோவின் உரையொன்றிலிருந்தே தெரிகிறது. அந்தச் சாவியைத்தான் ஒரு பொற்கொல்லர், நகத்தளவே உள்ள தந்த விரலில் ஏறும்படி செய்து கொடுத்திருக்கிறார். ‘பார்பி’ என்ற தலைப்பை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான். கடைக்குக் கடை அடுக்கி வைக்கும் பண்டத்தின் பெயரைச் சூட்டிய உடனேயே இந்தச் சாவி நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது.

இருபது வயதில் ஏன் பொம்மை என்று கேட்டீர்கள். ரோமச் சட்டப்படி பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதிலேயே மணம் முடிக்கலாம். மணத்துக்கு முன் கன்னிப்பெண்கள் தங்கள் பொம்மைகளை வீனஸ் தெய்வத்துக்குக் காணிக்கையாக்கும் வழக்கம் இருந்தது. பெர்சியஸ் என்ற கவிஞர் தம் அங்கதப்பாடல் ஒன்றில் போகிறபோக்கில் அதைக் குறிப்பிடுகிறார். இவளுடைய பொம்மை வீனஸிடம் போகவில்லை, அவளுடனேயே புதைக்கப்பட்டது. ஆகவே அவள் மணமாகாமலே இறந்தாள் என்று கொள்கிறார்கள். 1964இல் ரோமுக்கு வெளியே குரோத்தரோசாவில் கிடைத்த, பதப்படுத்திப் புதைக்கப்பட்ட ஏறத்தாழ எட்டு வயதுச் சிறுமியின் உடலோடும், அதாவது மணவயதையே எட்டாத ஒருத்தியோடும், தந்தப்பொம்மை ஒன்று இருந்தது. ஆகவே கிரெபெரியா மணமாகாமலே இறந்தாள் என்ற ஊகத்தை நானும் ஏற்கிறேன்.

பெர்சியஸ் அங்கே எழுதும் லத்தீன் சொல் ‘பூபா’. அதற்குப் பொம்மை என்றும் சிறுமி என்றும் பொருள். அதன் சிறுமை வடிவமான ‘பூபில்லா’ கண்ணின் கருமணியையும் குறிக்கும். எதிரே நிற்பவரின் சிறிய உருவம் அங்கே தெரிவதால் வந்த பெயர். கிரேக்கத்தில் ‘கோரே’ என்ற சொல்லும் இந்த மூன்றுக்கும் வரும். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். பாவை என்றால் பொம்மை, பெண், கண்மணியில் தெரியும் உருவம். ‘கருமணியிற் பாவாய்நீ போதாய்’ என்று குறளில் காதலன் தன் கண்ணுக்குள் இருக்கும் பாவையிடம்தான், என் காதலிக்கு இடம் போதவில்லை, நீ போய்விடு என்கிறான். ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கியதாக நான் சொல்லவில்லை. கண்ணுக்குள் உற்றுப்பார்த்த மூன்று மொழியினரும் அங்கே ஒரு சிறு பெண்ணைக் கண்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பொருளைப் பற்றி எழுதும்போது பொம்மை என்பதைவிடப் பாவை என்றே எழுத எனக்குக் கை வருகிறது.

காதலன் கதை வேறு. கல் பதித்த மோதிரம் ஒன்றில் ஃபிலேட்டஸ் என்ற பெயர் இருப்பது உண்மை. கோத்த கைகள் பொறித்த இன்னொரு மோதிரமும் இருந்தது. அந்தப் பெயரைக் கொண்டு மணமகன் ஒருவனை உருவாக்கிக்கொண்டார்கள். 1893இல் கவிஞர் ஜொவானி பாஸ்கோலி இவளைப் பற்றி லத்தீனில் எழுதிய கவிதையால் அந்தக் கதை நிலைபெற்றுவிட்டது. ஃபிலேட்டஸ் என்பது, அன்புக்குரியவன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அவன் மணமகனாகவே இருக்கலாம். ஆனால் கல்லில் இருப்பது பெயர் மட்டும்தான். உறவு அதில் எழுதப்படவில்லை.

அந்தக் கதை பரவியதில் ஒரு குறையும் நேர்ந்துவிட்டது. எல்லோரும் இல்லாத மணமகனைத் தேடினார்கள், இருந்தவர்களைக் கவனிக்கவில்லை. கல்லறைப் பொருள்களை இறந்தவர் தேர்ந்தெடுப்பதில்லை. தலையில் மிர்ட்டில் என்ற நறுமணச் செடியின் இலை மாலையைச் சூட்டி, காதணியையும் கழுத்தணியையும் உடன் வைத்து, சீப்பையும் கண்ணாடியையும் பேழையையும் எடுத்து வைத்து, கடைசியில் பாவையை அவள் தோளருகில் படுக்க வைத்தவர் யாரோ ஒருவர். அவள் சிறுமியாக இருந்தபோது அதோடு விளையாடியதைக் கண்ணால் பார்த்தவராகத்தான் அவர் இருந்திருக்க வேண்டும்.

சவப்பேழையில் ஒரு காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. கட்டிலில் அந்தப் பெண் கிடக்கிறாள். துயரத்தில் ஆழ்ந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அவளருகே இருக்கிறார்கள். பெற்றோர் என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். பாவையை உள்ளே வைத்தது அந்த இருவரில் ஒருவரின் கை என்றே நான் நினைக்கிறேன்.

அன்புடன்.