நாய்க்கு மூக்கு ஒழுகுகிறது, எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

இரண்டு நாளாக நாய்க்கு மூக்கு ஒழுகுகிறது, தானாகச் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்றைப் பாருங்கள்: ஒழுகுவது ஒரு மூக்குத் துவாரத்திலா, இரண்டிலுமா?

இதை நான் பார்க்காமல் விட்டதால் எங்கள் நாய் ரொம்பக் கஷ்டப்பட்டது. ஒன்பது வயது. இடது பக்கம் மட்டும் மஞ்சளாக வடிந்தது, கூடவே தும்மல். வெறும் சளிதான் என்று இரண்டு வாரம் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தேன். அது வலது பக்கமாகவே மென்றதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. டாக்டர் மேல் உதட்டைத் தூக்கிக் காட்டினார். கோரைப்பல் ஓரம் ஈறு சிவந்து வீங்கி, தொட்டதும் சீழ் வந்தது. அந்தப் பல்லின் வேருக்கும் மூக்குக்கும் நடுவே மெல்லிய எலும்புதான் இருக்கிறதாம். அது அரித்துப்போனால் சீழ் மூக்கு வழியாக இறங்கிவிடும். மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எடுத்து, ஓட்டையைத் தைத்த பிறகுதான் ஒழுகல் நின்றது.

ஒரு பக்கம் மட்டும் ஒழுகினால் பல் தவிர, உள்ளே சிக்கிய புல் விதை, பூஞ்சைத் தொற்று, கட்டி என்று எதுவாகவும் இருக்கலாம். எதுவும் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. மூக்குக்கு நேரே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். மூச்சு பட்டு இரண்டு வட்டமாகப் பனிக்க வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் ஒரு பக்கம் அடைத்திருக்கலாம்.

இரண்டு பக்கமும் தண்ணீர் போல வடிகிறது, நாய் நன்றாகச் சாப்பிட்டு விளையாடுகிறது என்றால் தூசி, ஒவ்வாமையாக இருக்கலாம். ஓரிரு நாள் பார்க்கலாம். கெட்டியாக, மஞ்சளோ பச்சையோ ஆகிவிட்டால், அல்லது இருமல், காய்ச்சல், கண்ணில் பீளை சேர்ந்தால் அன்றே கூட்டிப்போங்கள். தடுப்பூசி போடாத குட்டி என்றால் டிஸ்டெம்பர் என்ற, நாய்களுக்குள் பரவும் வைரஸ் நோயாக இருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து. மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வையுங்கள்.

ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சல், எலி விஷம் போன்ற காரணங்களும் உண்டு. நாயை அமைதியாக வைத்து, துணியில் சுற்றிய ஐஸை மூக்குத் தண்டின் மேல் வையுங்கள். உள்ளே பஞ்சு திணிக்காதீர்கள். சில நிமிடங்களில் நிற்காவிட்டால் உடனே கிளம்புங்கள். ஓய்வாக இருக்கும்போதே வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறினாலும், ஈறு நீலமாகவோ வெளுத்தோ போனாலும் ராத்திரி என்று பார்க்க வேண்டாம்.

நமக்கு வாங்கிய மாத்திரையோ மூக்குச் சொட்டு மருந்தோ தயவுசெய்து கொடுக்காதீர்கள். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் நாயைக் கொல்லக்கூடும். மூக்கடைப்புச் சொட்டு மருந்து இதயத்தைப் பாதிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். மூக்கு அடைத்தால் வாசனை தெரியாமல் சாப்பிட மறுக்கும், அதனால் உணவை லேசாகச் சூடாக்கிக் கொடுங்கள்.

போகும்போது தும்முவதை ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் அது தும்மவே தும்மாது.