கிழட்டுக் கட்டளைகள் எதற்கு?

கேள்வி: லினக்ஸ் பாடத்தில் ஃபிங்கர், யூசர்மாட், சேஜ் எல்லாம் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். எல்லாம் மவுஸிலேயே முடியும்போது இந்தக் கிழட்டுக் கட்டளைகள் எதற்கு சார்?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: ஃபிங்கரை விட்டுவிடுங்கம்மா. யார் உள்ளே இருக்கிறார் என்று ஊருக்கே தண்டோரா போடுகிற சமாச்சாரம் அது. 1988-இல் இணையத்தில் தானாகப் பரவிய மோரிஸ் புழு என்ற நிரல் புகுந்த ஓட்டைகளில் ஃபிங்கர் சர்வரும் ஒன்று. பயனர் கணக்கை மாற்றியமைக்கிற யூசர்மாடையும், கணக்கும் கடவுச்சொல்லும் காலாவதியாகும் தேதியைக் கவனிக்கிற சேஜையும் விடாதீர்கள்.

புதுச்சேரியில் ஓர் அலுவலக சர்வர் என் பொறுப்பில் இருந்தது. வேலையை விட்டுப்போன பையனின் கணக்கை 'யூசர்மாட் மைனஸ் பெரிய எல்' போட்டுப் பூட்டிவிட்டு, பாரதி பூங்கா பக்கம் டீ குடிக்கப் போய்விட்டேன். மறுநாள், யார் எப்போது வந்தார் என்று பதிவாகிற லாக் (log) கோப்பைத் திறந்தால், பையன் ராத்திரி 11 மணிக்கு ஜம்மென்று வந்து போயிருக்கிறான்! பூட்டு என்றால் என்ன? கடவுச்சொற்களை வைத்திருக்கிற ஷேடோ கோப்பில், மறையாக்கம் செய்த கடவுச்சொல்லுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி, அவ்வளவுதான். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவுகிற எஸ்எஸ்ஹெச் சாவிக் கோப்பு கையில் இருப்பவனுக்குக் கடவுச்சொல் எதற்கு? 'சேஜ் மைனஸ் பெரிய ஈ 1' என்று கணக்கையே காலாவதியாக்கியிருக்க வேண்டும். 1970 ஜனவரி 1-லிருந்து நாள் எண்ணுகிற கணக்கு அது. 1 என்றால் எப்போதோ முடிந்துபோன தேதி.

மவுஸில் 'முடக்கு' என்று ஒரு பட்டனைத் தட்டினால் இதில் எதைச் செய்தது என்று எப்படித் தெரியும்? 'சேஜ் மைனஸ் சின்ன எல்' போட்டால் காலாவதித் தேதி கண்முன்னே நிற்கும்.

சேஜில் பெரிய ஈ, யூசர்மாடில் அதே வேலைக்குச் சின்ன ஈ. இதில் நான் இன்றும் தடுமாறுவேன்.