நிஜ வாழ்க்கைக் கணக்குகளை மாணவர்கள் கம்ப்யூட்டரில் போட்டுத் தீர்க்கும்படி எப்படி உருவாக்குவது?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் பி.எட். முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் என்று தோன்றுகிறது. பள்ளியில் பத்து கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருக்கும், "கணக்குலயும் ஏதாவது ஆக்டிவிட்டி பண்ணுங்க" என்று மேலிடத்தில் சொல்லியிருப்பார்கள். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் 19 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். இந்த விஷயத்தில் நிபுணன் எல்லாம் இல்லை. உருப்படியாக இரண்டு முறை முயன்றேன். ஒன்று புஸ்வாணம் ஆனது, இன்னொன்று பஞ்சாயத்து வரைக்கும் போனது.

புஸ்வாணம் இதுதான். பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் ஏற்றக்கோணம் வருமே, அதற்காகப் போனில் கோணம் அளக்கும் ஆப்பைப் போட்டு, கொடிக்கம்பத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். ஆறு குழு, ஆறு விடை. 14 அடியில் ஆரம்பித்து 23 அடி வரை வந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் அலட்டிக்கொள்ளாமல், "18 அடி சார்" என்றான். எப்படிடா என்றால், "எங்கப்பாதான் சார் நட்டாரு. பைப்பு 20 அடியாத்தான் வரும். ரெண்டடி மண்ணுக்குள்ள இருக்கு." அதற்கு மேல் நான் என்ன பேசுவது? கம்பத்தின் உயரம் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. புத்தகக் கணக்குக்கு ஒரு போனை மாட்டிவிட்டிருந்தேன், அவ்வளவுதான்.

அடுத்தது 2019-ல். "உறவுகளும் சார்புகளும்" பாடத்தில் எல்லைக்கு எல்லை சூத்திரம் மாறும் சார்பு வரும். பிள்ளைகளுக்கு அது சுத்தமாக ஏறாது. ஆனால் நம் வீட்டுக் கரண்ட் பில் அச்சு அசல் அதுதான். அன்றைய வீட்டுக் கட்டணம், இரண்டு மாதத்துக்கு: 100 யூனிட் வரை இலவசம். மொத்தம் 200-க்குள் என்றால் 100-க்கு மேல் யூனிட்டுக்கு 1.50, நிலைக்கட்டணம் 20. 500-க்குள் என்றால் இரண்டாவது நூறுக்கு 2 ரூபாய், அதற்கு மேல் 3 ரூபாய், நிலைக்கட்டணம் 30. 500-ஐத் தாண்டிவிட்டால் இரண்டாவது நூறுக்கு 3.50, 500 வரை 4.60, அதற்கு மேல் 6.60, நிலைக்கட்டணம் 50.

எல்லோரும் வீட்டிலிருந்து ஈபி கார்டு, அதாவது மீட்டர் ரீடிங் குறிக்கும் அட்டை, எடுத்துவரச் சொன்னேன். லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற ஸ்ப்ரெட்ஷீட்டில், இஃப்புக்குள் இஃப் (இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது) போட்டுச் சூத்திரம் எழுதினார்கள். 500 என்று அடித்ததும் ஒரு மெஷினில் 1130, பக்கத்து மெஷினில் 1780. சண்டை. போய்ப் பார்த்தால் ஒருத்தி "500-க்குச் சமம் அல்லது குறைவு" என்று போட்டிருக்கிறாள், இன்னொருவன் வெறும் "குறைவு" என்று போட்டிருக்கிறான். அந்த ஒரு சமக்குறியின் விலை 650 ரூபாய் என்று புரிந்த நிமிடம் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. பத்து வருடமாக நான் போர்டில் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காத காரியம்! 501-க்கு 1786.60. வரைபடம் போட்டதும் 500-ல் கோடு செங்குத்தாக எகிறியது.

கொடிக்கம்பத்தார் மகன் விடவில்லை. "ரீடிங் எடுக்க மூணு நாள் தள்ளி வந்தா என்ன சார் ஆகும்?" போட்டுப் பார்த்தோம். நாளைக்கு 8 யூனிட் வீதம் 60 நாளைக்கு 480 யூனிட், 1070 ரூபாய். 63 நாளென்றால் 504 யூனிட், 1806.40. மூன்று நாள் கரண்டுக்கு 736 ரூபாய் 40 காசு. இந்தக் கேள்வி என் நோட்ஸ் ஆஃப் லெசனில் (பாடத் திட்டக் குறிப்பில்) இல்லை. கையால் போடுவதாக இருந்தால் "அப்புறம் பார்க்கலாம்டா" என்று நானே நழுவியிருப்பேன். ஷீட்டில் ஒரு எண்ணை மாற்றினால் போதும் என்பதால்தான் கேட்டான், நானும் அனுமதித்தேன். கம்ப்யூட்டருக்கு இதில் வேறு பெரிய வேலை இல்லை என்பது என் கருத்து.

இனி பஞ்சாயத்து. ஒரு பெண் கார்டு கொண்டுவரவில்லை. வாடகை வீடு. "ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வச்சிருக்காரு சார். யூனிட்டுக்கு 8 ரூபா." போன தடவை 140 யூனிட், 1120 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். அதே 140-ஐ அவளே ஷீட்டில் அடித்தாள். 80 என்று வந்தது. மறுபடி அடித்தாள். 80. யாரும் பேசவில்லை. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை, மணி அடித்துக் காப்பாற்றியது.

மறுநாள் மதியம் வீட்டுக்காரர் வந்துவிட்டார். "கணக்கு சொல்லித் தர்றீங்களா, கலகம் பண்ணச் சொல்லித் தர்றீங்களா?" அவரை உட்காரவைத்துக் கேட்டதில் அவர் பக்கமும் ஒரு கணக்கு இருந்தது. மூன்று குடித்தனத்துக்கும் ஒரே இணைப்பு. மற்ற இரண்டு வீட்டிலும் 170, 260. மூன்றையும் கூட்டினால் 570. இலவச 100 ஒரே ஒரு முறைதான் கிடைக்கும், 500-ஐயும் தாண்டிவிடுகிறது. பில் 2242. சராசரி யூனிட்டுக்கு 3.93, ஆக அந்தப் பெண் வீட்டுப் பங்கு சுமார் 550. அதாவது 80-ம் சரியில்லை, 1120-ம் சரியில்லை. "தண்ணி மோட்டார் யாரு கணக்கு?" என்றார். நியாயம்தான், அதை ஷீட்டில் நான் சேர்க்கவில்லை. அடுத்த வாரம் வகுப்பில் அதையே கணக்காகக் கொடுத்தேன்: மூன்று வீடு, ஒரு மீட்டர், ஒரு மோட்டார், எப்படிப் பிரிப்பது? நான்கு விதமாகப் பிரித்தார்கள். நான் போட்டதிலேயே நல்ல கணக்கு அதுதான், அதைக் கொடுத்தது அந்த வீட்டுக்காரர். தலைமை ஆசிரியர் மட்டும் "சார், புத்தகத்துல உள்ளதைப் பண்ணுங்க, போதும்" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது, ரிசல்ட் கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"முதலில் உங்க பிள்ளை எங்கே படிக்குது?" என்று கீழே கமெண்டில் யாராவது வருவீர்கள், தெரியும். தனியார் பள்ளியில்தான். மனைவி வேலை பார்க்கும் ஊர் அது, வேறு வழியில்லை. அங்கேயும் "ரியல் லைஃப் மேத்ஸ் ப்ராஜெக்ட்" உண்டு. தெர்மாகோலில் வீடு கட்டி, ஜன்னலுக்குச் செவ்வகம், கூரைக்கு முக்கோணம் என்று லேபிள் ஒட்ட வேண்டும். இரவு பதினொன்றரைக்கு ஒட்டியது நான். ஃபெவிகால் காயவில்லை என்று மகள் அழுகை வேறு. மதிப்பெண் 10-க்கு 8, கூரை சாய்ந்துவிட்டதாம். அந்த 8 எனக்கா, அவளுக்கா என்று இன்னும் தெரியவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எண்கள் பிள்ளைகளின் வீட்டிலிருந்து வரட்டும், அசிங்கமான தசமங்களோடு வரட்டும். விடை உங்களுக்கே முன்கூட்டித் தெரியாததாக இருக்கட்டும். இதற்கு மேல் முறை எதுவும் எனக்குத் தெரியாது.

அந்த ஷீட் இன்னும் என்னிடம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியபோது எண்களை மாற்றினேன். 500-க்கு 1725, 501-க்கு 1958 வந்தது. எகிறல் 233 ஆகச் சுருங்கிவிட்டது. 2024-லும் விகிதம் மாறியது, அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். வகுப்பில் எத்தனை பேர் வாடகை வீடு என்று மட்டும் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.