கடைக் கணக்கு மனத்தில் இருக்கக் கூடாது: சிறுதொழில் செய்வோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதிவருபவன் என்ற முறையில், நண்பர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்களைத் தருகிறேன். வரி தொடர்பான இறுதி முடிவை மட்டும் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

கேள்வி (மளிகைக் கடை, மதுரை): ஐயா, இரவில் கல்லாவை எண்ணினால் ஒருநாளும் கணக்கு ஒத்துப்போவதில்லை. நல்ல மென்பொருள் ஒன்று வாங்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். கல்லாவிலிருந்து பணத்தை எடுத்தவர் எழுதி வைக்காமல் போனால், எந்த மென்பொருளுக்கும் அது தெரியப்போவதில்லை. நான் பார்த்தவரையில், குறைகிற பணம் பெரும்பாலும் களவு போனதாக இருப்பதில்லை. பால்காரருக்குக் கொடுத்தது, வீட்டுக்குக் காய்கறி வாங்கியது, சரக்கு இறக்கியவருக்குக் கொடுத்த கூலி என்று சிறுசிறு தொகைகளாகவே அது போயிருக்கும். ஒரு நோட்டைக் கல்லாவுக்குள்ளேயே வைத்து, பணத்தை எடுக்கும் கையே எழுதவும் வேண்டும் என்று வழக்கப்படுத்துங்கள். காலையில் வைத்த சில்லறையோடு அன்றைய ரொக்க விற்பனையையும் வசூலான பாக்கியையும் கூட்டி, கல்லாவிலிருந்து கொடுத்தவற்றைக் கழித்தால் வரும் தொகை கையிருப்போடு ஒத்துப்போக வேண்டும். யுபிஐயில் வந்த பணத்தை இதில் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள். இரண்டையும் கலப்பதால்தான் பலருக்குக் குழப்பம் வருகிறது. வீட்டுச் செலவுக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை நிர்ணயித்து, அதை உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிவிட்டு, அதிலிருந்தே செலவழியுங்கள். கடையின் கியூஆர் அட்டை வீட்டுச் சேமிப்புக் கணக்கோடு இணைந்திருந்தால், முதல் வேலையாக அதைத் தொழிலுக்கான நடப்புக் கணக்குக்கு மாற்றுங்கள்.

கேள்வி (வீட்டிலிருந்து பொடி, ஊறுகாய் விற்பவர், திருச்சி): வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், தொலைபேசி என்று மூன்று வழிகளிலும் ஆர்டர் வருவதால், சில ஆர்டர்களை மறந்தே போய்விடுகிறேன்.

பதில்: ஆர்டர் எந்த வழியில் வந்தாலும் ஒரே நோட்டில் வரிசை எண்ணோடு எழுதி, அந்த எண்ணை வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். எண் போகாத ஆர்டர் இன்னும் ஏற்கப்படாத ஆர்டர் என்று வைத்துக்கொண்டால் மறதிக்கு இடமிருக்காது. பணம் வந்ததா, பார்சல் போனதா என்பதற்கு இரண்டு கட்டங்கள் போதும்.

கேள்வி (லேத் பட்டறை, கோவை): செய்து கொடுத்த வேலைக்குப் பெரிய நிறுவனம் ஒன்று நான்கு மாதமாகப் பணம் தரவில்லை. சட்டம் துணைக்கு வரும் என்கிறார்கள், உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் உங்கள் காகிதங்கள் ஒழுங்காக இருந்தால் மட்டுமே. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ பெற்றவர், எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட நாளுக்குள், எப்படியும் 45 நாட்களுக்கு மிகாமல், பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாட்கள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாக அவர் தர வேண்டும். அதோடு, கெடு தாண்டி நிலுவையில் வைத்த தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் அவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இந்த விதிக்குப் பிறகு, நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் சிறு பட்டறைகளுக்கும் பணம் வரத் தொடங்கியிருப்பதைக் காண்கிறேன்.

இந்த நாட்கணக்கு பில் போட்ட தேதியிலிருந்து தொடங்குவதில்லை. சரக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து தொடங்குகிறது. வாங்கியவர் 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் குறை சொல்லாவிட்டால், சரக்கை ஒப்படைத்த நாளே ஏற்ற நாளாகும். ஆகவே சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலானில் வாங்கியவரின் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் இருந்தாக வேண்டும். வண்டி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பிய சலான் கையெழுத்தாகித் திரும்பி வந்ததா என்று மறுநாளே பார்த்து, பர்ச்சேஸ் ஆர்டர், சலான், பில் மூன்றையும் ஒன்றாகக் கோத்து வையுங்கள். ஆர்டர் எடுப்பதற்கு முன்பே, குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முடிந்திருந்து, அந்த எண் பில்லில் அச்சாகியிருப்பது நல்லது. இவை கையில் இருந்தால், தாமதமாகும் பணத்துக்காக மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் வைத்திருக்கும் இணையதளத்தில் முறையிடலாம். அதற்கு முன்னால், நிலுவைத் தொகையையும் கடந்த நாட்களையும் குறிப்பிட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள்; வாடிக்கையாளரை இழக்காமல் பணத்தைப் பெற அதுவே பல நேரங்களில் போதுமானது. பொருளை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்தத் தாமத வட்டி உரிமை இல்லை என்பதையும் மற்றவர்கள் கவனிக்க வேண்டும்.

கேள்வி (அச்சகம், சிவகாசி): ஜிஎஸ்டி தேதிகள் எனக்கு நினைவில் நிற்பதே இல்லை.

பதில்: நிற்க வேண்டியதில்லை, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் எழுதி வைத்தால் போதும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும், வரியோடு கூடிய படிவம் 20-ஆம் தேதிக்குள்ளும் போக வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மிகாதவர்கள் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுத்தால், தமிழ்நாட்டில் அவை 13, 22 ஆகிய தேதிகளாகும். ஆனால் காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கான வரியை, அந்தந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 25-க்குள் கட்டிவிட வேண்டும். இவற்றைவிட முக்கியமான தேதி ஒன்று உண்டு: பில்களை ஆடிட்டரிடம் ஒப்படைக்கும் நாள். அதை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி என்று நீங்களே நிர்ணயித்துக்கொள்ளுங்கள். காகிதமும் மையும் விற்றவர் அந்தப் பில்லைத் தன் படிவத்தில் காட்டியிருந்தால்தான் உங்களுக்கு உள்ளீட்டு வரி, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை, கிடைக்கும். அவர் காட்டாமல் விட்டதைக் கண்டுபிடித்துக் கேட்க உங்களுக்கு அவகாசம் வேண்டாமா?

கேள்வி (துணிக்கடை, ஈரோடு): சரக்கிருப்பை எப்போது எண்ணுவது?

பதில்: வருமான வரிக் கணக்குக்கு மார்ச் 31 இருப்புதான் தேவை என்பதால் அன்று முழுமையாக எண்ணியே ஆக வேண்டும். சித்திரை முதல் நாளில் புதுக் கணக்கு தொடங்கும் வழக்கத்தை விட வேண்டாம். எண்ணும் வேலையை மட்டும் அதுவரை தள்ளிப் போடாதீர்கள். மற்ற நாட்களில் வாரம் ஓர் அலமாரி என்று எண்ணி வந்தால், தீபாவளிக் கொள்முதலுக்குப் போகும்போது எது தேங்கிக் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டே போகலாம்.

கேள்வி (அதே நண்பர்): பழைய பில்களை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்?

பதில்: ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள். 2024-25 நிதியாண்டின் பில்களை 2031 டிசம்பர் இறுதி வரை வைத்திருக்க வேண்டும். வழக்கோ மேல்முறையீடோ இருந்தால் அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டியிருக்கும். மாதவாரியாகக் கட்டி, கட்டின்மேல் மாதத்தையும் ஆண்டையும் பெரிதாக எழுதுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில்கள் மங்கி எழுத்தே இல்லாமல் போய்விடுவதால், அவற்றை வாங்கிய அன்றே நகலெடுத்து அசலோடு சேர்த்துப் பின் செய்துவிடுங்கள்.