பழைய லேப்டாப்பே போதும், டிஸ்க் மட்டும் புதுசாக வாங்குங்கள்

தம்பி, மதுரையிலிருந்து வந்து பிடிஎம் லேஅவுட்டில் நாலு பேராக வீடு எடுத்திருக்கிறோம், எல்லாருடைய படமும் ஃபைலும் ஒரே இடத்தில் இருக்க காலேஜ் காலத்து லேப்டாப்பை வைத்துக்கொள்ளலாமா, இல்லை அதற்கென்று விற்கும் என்ஏஎஸ் பெட்டியை வாங்கணுமா என்று கேட்டிருந்தீர்கள். பெங்களூரில் வாடகை வீட்டில் இருக்கிறவரை என் ஓட்டு லேப்டாப்புக்குத்தான். பதினொரு மாத அக்ரிமெண்ட் முடிந்து ஓனர் வாடகையை ஏற்றினால் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். ஆனால் ரௌட்டர் அணைந்துவிடும், அதற்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

அந்தப் பேட்டரியைத்தான் முதலில் பார்க்கணும். மூடியை மூடி, சமமான மேசையில் வைத்து ஒரு மூலையை லேசாகத் தொடுங்கள். ஆடினாலோ, டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று சந்தேகப்படணும். அழுத்திச் சரிசெய்கிற வேலையெல்லாம் வேண்டாம், கடையில் கொடுத்துக் கழற்றி இ-வேஸ்ட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நன்றாக இருந்தால் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறதா பாருங்கள், திங்க்பேட் மாதிரி பல மாடல்களில் உண்டு. எந்நேரமும் நூறிலேயே நின்றால் பேட்டரி சீக்கிரம் போய்விடும்.

விண்டோஸ் 10 இருந்தால் அதைத் தூக்கிவிடுங்கள், 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான சாதாரண ஆதரவு முடிந்துவிட்டது. டெபியன் என்ற இலவச லினக்ஸைப் போட்டு, அதில் ஃபைல் பகிர உதவும் சாம்பா என்ற மென்பொருளை ஏற்றினால் விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலிருந்தும் ஃபோல்டரைத் திறக்கலாம். கமாண்ட் அடிக்க அலுப்பாக இருந்தால், இதே வேலைக்கென்று இருக்கும் ஓப்பன்மீடியாவால்ட்டைப் போடுங்கள், பிரௌசரிலேயே எல்லாம் செய்துகொள்ளலாம். ஆளுக்கொரு பயனர் பெயர், ஆளுக்கொரு ஃபோல்டர், பொதுவுக்கு ஒன்று. மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடும், அந்த அமைப்பை மறக்காமல் மாற்றிவிடுங்கள்.

வேகம் குறைவு என்று புலம்புகிறவர்கள் பலர் வைஃபையில் ஓட்டுகிறவர்கள். பிடிஎம் மாதிரி நெருக்கமான இடத்தில் சுற்றியுள்ள வீடுகளின் சிக்னல் எல்லாம் மோதிக்கொள்ளும், லேப்டாப்பிலிருந்து ரௌட்டருக்கு கேபிள் போட்டுவிடுங்கள். பழைய மாடலில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் என்றால் 10 ஜிபி வீடியோ ஏற கால் மணி நேரம் ஆகும், கிகாபிட் என்றால் இரண்டு நிமிடம் போல. வெளியே மாட்டும் டிஸ்க்கை யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள், பெரும்பாலும் உள்ளே நீல நிறத்தில் இருக்கும்.

டிஸ்க் மட்டும் பழையது வேண்டாம். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனால் தமிழிலேயே பேரம் பேசலாம் (இருந்தாலும் ‘எஷ்டு’, அதாவது எவ்வளவு, என்று கன்னடத்தில் ஆரம்பியுங்கள், ஊருக்கு வந்தாச்சு, அதுதான் அழகு). சீல் உடைக்காதது, பில்லோடு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் (SMART) தகவலில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள், ஆயிரக்கணக்கில் காட்டினால் அது புதுசு இல்லை, அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

கரண்ட் பில் பயம் வேண்டாம். 15 வாட் இழுத்தால் மாதத்துக்குப் பதினோரு யூனிட் போல. கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் இருந்தால் மட்டும் மீட்டரில் ஒரு கண் இருக்கட்டும், 200 யூனிட்டைத் தாண்டினால் அந்த மாதம் முழுப் பில்லும் வரும்.

மதுரையில் அம்மா அப்பா படம் பார்க்கணும் என்றால் வெளியிலிருந்து நேராக உள்ளே வர ரௌட்டரில் வழி (போர்ட்) திறக்கப் போகாதீர்கள். பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதால் அது பெரும்பாலும் வேலைக்கு ஆகாது, வேலை செய்தாலும் ஆபத்து. உங்கள் கருவிகளை மட்டும் பாதுகாப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற ஆப்பை லேப்டாப்பில் போட்டு அவர்கள் போனிலும் ஏற்றிவிடுங்கள், அது போதும்.

அப்புறம், இது ஒரே ஒரு டிஸ்க், போனால் போனதுதான். கல்யாண ஆல்பம் மாதிரியான முக்கியமானதை இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, பொங்கலுக்குப் போகும்போது ஊரில் வைத்துவிட்டு வாருங்கள். டிஸ்க் காசை நாலாகப் பங்கு போடவும் வேண்டாம். ஒருத்தர் வேலை மாறி ஒயிட்ஃபீல்டு பக்கம் போகும்போது யாருக்கு டிஸ்க் என்று பஞ்சாயத்து வரும். லேப்டாப் உங்களுடையது, டிஸ்க்கும் நீங்களே வாங்குங்கள், மற்றவர்கள் இண்டர்நெட் பில்லைப் பார்த்துக்கொள்ளட்டும்.