அத்தைக்கு மட்டும் ஏன் போர் தண்ணீர்?

கேள்வி: என் மாமியாருக்கு 58 வயது. இரண்டு வருடமாகக் குனிந்து ஒரு வேலை செய்வதில்லை. முதுகு பிடித்துக்கொள்கிறது, கழுத்து திரும்பவில்லை என்பார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம்; எலும்புத் தேய்மானம் இல்லை, கெட்டியாகத்தான் இருக்கிறது என்றார்கள். மாடு, அடுப்பு, இரண்டு பிள்ளைகள் என்று நான் ஒருத்தியே அல்லாடுகிறேன். பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் ஒகேனக்கல் தண்ணீர் பிடித்து வைப்பது முதல் எல்லாம் நான்தான். அத்தைக்குப் போர் தண்ணீர்தான் வாய்க்குப் பிடிக்கும். நடிக்கிறாரோ என்று தோன்றுகிறது. ஓசூரில் இருக்கும் மூத்தவர் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?
- பெயர் வேண்டாம், காரிமங்கலம் பக்கம்

பதில்: அம்மா, ஓசூர் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் ஒகேனக்கல் தண்ணீர், அத்தைக்குப் போர் தண்ணீர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஒகேனக்கல் தண்ணீர் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் எதற்காக வந்தது? தாகத்துக்காக மட்டும் இல்லை. நம் பக்கத்துப் பாறையில் புளோரைடு இருக்கிறது. அது கரைந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது நம் நாட்டுக் குடிநீர்த் தரம். இங்கே எத்தனையோ ஊர்களில் போர் தண்ணீர் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. 2013-இல் தொடங்கிய அந்தக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே, புளோரைடு மிஞ்சிப்போனால் பல்லையும் எலும்பையும் பிடிக்கும் புளோரோசிஸ் என்ற நோயின் பெயரும் இருக்கிறது. அதுவரை உங்கள் அத்தை குடித்தது எந்தத் தண்ணீர்? நல்ல தண்ணீர் வீட்டுக்கு வந்த பிறகும் அவர் எதைக் குடிக்கிறார்?

எலும்பு கெட்டியாக இருக்கிறது, அதனால் வலி பொய் என்று நினைத்துவிட்டீர்கள். எலும்பு உயிருள்ளது. ஒரு வகைச் செல்கள் பழையதை அரித்து எடுக்கும், இன்னொரு வகை அந்த இடத்தில் புதிதாகக் கட்டும். சுமார் பத்து வருடத்தில் 206 எலும்புகளும் ஏறக்குறைய மாறிவிடும். குடிக்கிற தண்ணீரில் புளோரைடு இருந்தால் இந்தக் கட்டுமானத்தில் அதுவும் சேர்ந்துகொள்ளும். நாள்பட்டால் எலும்பு அளவுக்கு மீறி அடர்த்தியாகும். எக்ஸ்ரேயில் கெட்டியாகத் தெரியும் எலும்பு உண்மையில் எளிதில் உடையக்கூடியதாக இருக்கும். எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் நார்களிலும் சுண்ணாம்பு ஏறும்.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. முழங்கையை மடக்க முன்பக்கத் தசை இழுக்க வேண்டும், நீட்டப் பின்பக்கத் தசை இழுக்க வேண்டும். நீங்கள் குனிந்து வாசல் பெருக்கும்போது முதுகுத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கின்றன, தண்டுவட எலும்புகளுக்கு இடையிலுள்ள நார்கள் நெகிழ்கின்றன. அந்த நார் கல்லாகிப் போனால் எந்தத் தசை எவ்வளவு இழுத்தும் முதுகு வளையாது. இழுத்து இழுத்துத் தசைதான் இறுகிப்போகும். 'முதுகு பிடித்துக்கொள்கிறது' என்று அவர் சொன்னது இதுவாகவும் இருக்கலாம். அதை நடிப்பு என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

சரி, போர் தண்ணீர்தான் வாய்க்குப் பிடிக்கும் என்று அவரே சொன்னாரா? சொல்லியிருப்பார். குடத்தில் தண்ணீர் குறைவாக இருப்பதைப் பார்த்து, பேரப்பிள்ளைகளுக்குப் பற்றாதோ என்று 'எனக்கு இதுவே போதும்' என்று ஒதுங்கும் பாட்டிகளை நான் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! ருசிக்காகக் குடிக்கிறார் என்று நாமாகத்தான் முடிவுகட்டிக்கொள்கிறோம். ஒரு வீட்டில் நல்லது கொஞ்சமாக இருந்தால் அதில் முதல் பங்கு பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான். மாடு கட்டி, களி கிண்டி, உங்கள் வீட்டுக்காரரை வளர்த்த கை அது.

சோறும் களியும் எந்தத் தண்ணீரில் வேகின்றன? போர் தண்ணீரில் என்றால் பிள்ளைகளும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது செறிவாகும். பிள்ளைகளின் பல்லில் வெள்ளைத் திட்டோ பழுப்புக் கறையோ இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

அத்தையை மெதுவாக மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். தாடை நெஞ்சைத் தொடுகிறதா, கைகளைக் கோத்துத் தலைக்குப் பின்னால் வைக்க முடிகிறதா, முழங்கால் மடங்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா? வலித்தால் அதோடு விட்டுவிடுங்கள். முடியவில்லை என்றால் உடனே இது புளோரோசிஸ்தான் என்று முடிவுகட்ட வேண்டாம்; மூட்டையும் முதுகெலும்பையும் பிடிக்கும் வேறு நோய்களும் உண்டு. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் பழைய எக்ஸ்ரேயைக் காட்டி, எந்தத் தண்ணீரை எத்தனை வருடமாகக் குடிக்கிறார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். முன்கையையும் எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேளுங்கள். அங்குள்ள இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சவ்வில் சுண்ணாம்பு ஏறியிருந்தால் படத்தில் தெரியும். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, மாவட்டத்தில் இருக்கும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள்.

கல்லான நாரைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. ஆனால் தண்ணீரை மாற்றினால் மேலே ஏறுவது நிற்கும், பலருக்கு வலியும் குறையும். ராகிக் களி, மோர், கீரை, நெல்லிக்காய் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்து உள்ள சாப்பாடு புளோரைடு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். தேயிலையிலும் புளோரைடு உண்டு, பால் இல்லாத டீயைக் குறைக்கச் சொல்லுங்கள். அதற்காக ஒரேயடியாகப் படுக்க வைத்துவிடாதீர்கள். வேலை இல்லாத தசை வாரக்கணக்கிலேயே வற்றும். காலை வெயிலில் கொஞ்சம் நடக்கட்டும், உட்கார்ந்தபடி வெங்காயம் உரிக்கட்டும், அது உங்களுக்கும் ஒத்தாசை.

உங்களுக்கு வேலை அதிகம்தான், மறுக்கவில்லை. பெற்ற தாயைப் பற்றி உங்கள் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லையே! மருத்துவமனைக்கு அவர்தான் கூட்டிப்போக வேண்டும், ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும். ஓசூர்க்காரர் செலவில் பாதி கொடுக்கட்டும். பிறகு அத்தைக்கே விருப்பம் இருந்தால் அங்கே போய் இருந்துவிட்டு வரட்டும். வலியோடு இருப்பவரை நடிக்கிறார் என்ற பெயரோடு அனுப்பக் கூடாது.

அடுத்த முறை ஒகேனக்கல் தண்ணீர் பிடிக்கும்போது முதல் குடத்தை அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். குனிய வேண்டாதபடி ஒரு ஸ்டூல் மேல்.