மேக்கில் டிக்ளேர் -ஏ: எந்தச் சாவிக்கும் ஒரே மதிப்பு வருவது ஏன்

கையேட்டில் உள்ளபடியே சொற்களைச் சாவியாக வைக்கும் அர்ரேவை (மதிப்புப் பட்டியலை) அறிவிக்கும் டிக்ளேர் -ஏ (declare -A, பெரிய எழுத்து A) எழுதியும், எந்தச் சாவியைக் கேட்டாலும் கடைசியாகப் போட்ட மதிப்பே வருகிறது என்கிறீர்கள். உங்கள் ஸ்கிரிப்டில் தவறில்லை, அதை ஓட்டும் நிரலான பாஷ்தான் (bash) பழையது.

மேக்கோடு வருவது பாஷ் 3.2. அது 2006-இல் வெளியானது, சொற்களைச் சாவியாக வைக்கும் அர்ரே 2009-இல் 4.0-இல்தான் சேர்ந்தது, நீங்கள் பார்த்த இணையக் கையேடோ புதிய பதிப்புக்கு எழுதியது. அவுட்புட்டில் கொஞ்சம் மேலே போய்ப் பாருங்கள், அந்த ஆப்ஷன் செல்லாது என்று ஒரு வரி இருக்கும். அதோடு ஸ்கிரிப்ட் நின்றிருந்தால் நல்லது, ஆனால் நிற்காமல் அதைச் சாதாரண எண் அர்ரேவாக எடுத்துக்கொண்டு, நீங்கள் கொடுத்த சொல்லை ஒரு வேரியபிளாக நினைத்து மதிப்புத் தேடும், அப்படி ஒன்று இல்லாததால் 0 என்று கொள்ளும். எல்லாமே 0-ஆம் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்படும். எனக்கு இதுதான் பெரிய ஆபத்தாகப் படுகிறது, தப்பான விடையோடு ஸ்கிரிப்ட் அமைதியாக முடிந்துவிடும்.

சரி, மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூவில் (Homebrew) புதிய பாஷ் போடுங்கள். அப்புறம் ஸ்கிரிப்டின் முதல் வரியைக் கட்டாயம் பாருங்கள். அது /bin கோப்புறையில் உள்ள பாஷையே நேரடியாகக் காட்டினால் பழையதுதான் ஓடும், பாத்தில் (PATH) முதலில் வரும் பாஷைத் தேடி எடுக்கும் என்வ் (env) வழியாகக் கூப்பிடும்படி மாற்றுங்கள். டெர்மினலில் பதிப்பைக் கேட்டால் போதாது, ஸ்கிரிப்டுக்குள்ளேயே பாஷ் வெர்ஷன் (BASH_VERSION) வேரியபிளை எக்கோ செய்து பார்த்துவிடுங்கள்.